கொக்கின் முழங்கால்

ஒட்டகப் பண்ணையில் பால் கறக்கும் அவரை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒட்டகம் உயரமான பிராணி. உட்கார்ந்து கறக்க வழியில்லை. ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மடித்து அதன் பாதத்தை ஊன்றிய முழங்காலில் முட்டுக்கொடுத்து, தொடையின் மேல் பாத்திரத்தை வைத்துக் கறக்க வேண்டும். அப்படி நின்று நின்றே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. நேரத்துக்கு வருவார், ஒட்டகங்களை அடிக்க மாட்டார்.

ஒரு தாய் ஒட்டகமும் அதன் இரண்டு மகள்களும் அவர் கைக்கு மட்டுமே பால் சுரந்தன. வேறு யார் தொட்டாலும் உதைதான். அதனால் அந்த மூன்றும் அவர் பொறுப்பு.

கொஞ்ச காலமாக, ஊன்றி நிற்கும் முழங்கால் வீங்கியிருந்தது. மடி காலியாகும் முன்பே பாத்திரத்தை இறக்கிவிடுவார். கொழுப்பெல்லாம் கடைசியில் வரும் பாலில்தான் என்பது கறப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மிச்சத்தைக் கன்று குடிக்கிறது, யாருக்கு நஷ்டம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் பண்ணையில் பாலின் தரத்தை ஆராயும் ஆராய்ச்சியம்மா சோதனைக்குப் பால் எடுத்தது அவர் பாத்திரத்திலிருந்துதான். மூன்றின் பாலும் தண்ணீராக இருந்தது. தாகத்தில் இருக்கும் ஒட்டகத்தின் பால் நீர்த்துப்போகும் என்பதால் அந்த அம்மா முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். பிறகு தீவனம், வெயில், கன்று ஈன்ற மாதம். மற்ற ஒட்டகங்களோடு ஒப்பிட்டால் எதிலும் வித்தியாசமில்லை. எல்லாவற்றையும் கழித்தபின் எது மிஞ்சுகிறதோ அதற்குத்தான் காரணம் என்று பெயர் வைக்கிறோம்.

"அம்மாவுக்கும் அப்படி, பொண்ணுங்களுக்கும் அப்படி. ரத்தத்துலயே இருக்கு அண்ணே," என்றார் அந்த அம்மா, கொட்டகையில் கொக்கிடம். மூன்றையும் விற்றுவிட மேலே முடிவாகிவிட்டதாம், வார முடிவில் லாரி வருமாம். கறவைக்கு ஆகாது என்று கழித்த ஒட்டகத்தை எதற்கு வாங்குவார்கள் என்று கொக்குக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மனைவி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"சொன்னா உங்களைக் கழிச்சுடுவாங்க."

"ஆமா."

"சொல்லலேன்னா?"

"அதுங்க கறிக்குப் போகும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காக இவ்வளவு நேரம் யோசிச்சிருக்கீங்களா ஒரு நாளாவது? போய்ச் சொல்லித் தொலைங்க. தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் ஓஞ்சு போச்சு." அடுத்த மாதச் சாப்பாட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மறுநாள் போய்ச் சொன்னார். ஆராய்ச்சியம்மா திட்டவில்லை. தன் கண் முன்னால் கடைசிச் சொட்டுவரை கறக்கச் சொன்னார். கொக்கு தாய் ஒட்டகத்தின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றையும் கறந்து முடித்தார். முதலில் வந்ததையும் கடைசியில் வந்ததையும் அந்த அம்மா தனித்தனியாக எடுத்துப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து கொட்டகைக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"கடைசிப் பால் நல்லா கெட்டியா இருக்கு. தீனி, தண்ணி, வெயில் எல்லாம் பார்த்தேன் அண்ணே. உங்க முட்டியைப் பார்க்கல."

"அது பேன்ட்டுக்குள்ள இருந்துச்சும்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லாரி வரவில்லை. கறவைக்கு வேறொருவன் வந்தான். ஒட்டகங்கள் அவனிடம் பழகும்வரை கொக்கு இருக்கலாம் என்றார்கள். அதற்கப்புறம் என்ன என்று அவர்கள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இப்போது கறக்கும் நேரத்தில் அவருடைய வேலை, தாய் ஒட்டகத்தின் கழுத்தருகே இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்பதுதான். புதியவனின் கை மடியில் பட்டதும் அது உதறும், திரும்பி இவரைப் பார்க்கும். அவசரப்பட்டுப் பழகிவிடாதே என்று அதன் காதில் சொல்ல வேண்டும் போலிருக்கும் அவருக்கு. சொல்லாமல் கழுத்தைத் தடவிக்கொடுப்பார். தடவிக்கொடுக்கக் கொடுக்க அது பழகிக்கொண்டிருந்தது.