வடகரைத் தேங்காய்க்கு வரி இல்லை

கல்யாணமாகி வடகரையிலிருந்து நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், வயலும் தோப்புமாக இருந்த சின்ன ஊர் இது. வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும். அந்தச் சந்தையை என் வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்திருந்தார். வடகரையில் புதன்கிழமைச் சந்தை. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

இரண்டு சந்தைக்கும் ஒரே வழக்கம்தான். உள்ளூர்ச் சரக்கு சும்மா உள்ளே போகலாம். வெளியூர்க் கூடைக்கும் வண்டிக்கும் வாசலிலேயே வரி. எங்கள் ஊர்ப் பானையும் சுரைக்காயும் வடகரை வாசலில் வரி கட்டின. வடகரைத் தேங்காயும் கத்தரிக்காயும் எங்கள் வாசலில் கட்டின. கட்டியவர்கள் அந்தக் காசைச் சரக்கின் விலையில் ஏற்றி, வாங்குகிறவர்கள் தலையில் வைத்தார்கள்.

என் மகளுக்குக் காது குத்து வடகரையில் அண்ணன் வீட்டில் நடந்தது. பந்தியில் அண்ணனும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வரி கட்டச் சொன்னால் சனங்கள் எப்படியெல்லாம் முணுமுணுக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் ஊர்க்காரங்கிட்ட நீங்க வாங்குதிய. நம்ம ஊர்க்காரங்கிட்ட அண்ணன் வாங்குதான். ரெண்டு பேரும் விட்டுட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.

அண்ணன் இலையிலிருந்து கையை எடுத்தான். "மாப்பிள்ளை, இவ சொல்லுதது நல்லாத்தான் இருக்கு."

"கூட்டம் கூடும் மச்சான். கூட்டம் கூடுனா கடை போட எடம் கேப்பான். எட வாடகையில வந்துரும்" என்றார் இவர்.

பாயசம் முடிவதற்குள், இந்த இரண்டு ஊர்ச் சரக்குக்கும் இனி வரி இல்லை என்று பேசி முடித்துவிட்டார்கள். மதினி மட்டும், அதாவது என் அண்ணன் மனைவி, மோர்ச் செம்போடு நின்றவள் கேட்டாள்: "இங்கன பானை வனையுதவங்க பாடு என்ன ஆகும்? அவிய ஊர்ப் பானை வரியில்லாம வந்து எறங்குனா இவங்க பானைய யாரு வாங்குவா?" இரண்டு ஆண்களும் மோர் கேட்டார்கள். நானோ என் யோசனை பலித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

முதல் இரண்டு மாதம் எல்லாருக்கும் வாயெல்லாம் பல்லாக இருந்தது. அது சாரல் காலம். குற்றாலத்தில் குளிக்க வந்த கூட்டத்துக்குச் சமைத்துப் போட்ட சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எங்கள் சந்தையில் வண்டி வண்டியாக வடகரைத் தேங்காய் வாங்கினார்கள். எங்கள் வீட்டில் காலையில் துவையல், மத்தியானம் அவியல், ராத்திரி தேங்காய்ப்பால் ஆப்பம். வளையல்காரர், வாசனைச் சாமான் விற்பவர், கத்தி சாணை பிடிப்பவர் என்று இதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் கடை போட வந்தார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குள் நடக்கிற நடையே மாறிப்போனது.

மூன்றாம் மாதம் எங்கள் ஊர்த் தோப்புக்கார அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு முப்பது தென்னைதான் சொத்து. கைக்கு ஒரு தேங்காயாகப் பிடித்திருந்தாள்.

"இது உங்க அண்ணன் ஊருது. இது என் தோப்புது. ரெண்டையும் உடைச்சுப் பாரு."

உடைத்தேன். அவளுடையதுதான் பருப்புத் தடிமன், தண்ணீரும் இனிப்பு.

"உங்களுதுதான் நல்லாருக்கு அக்கா."

"அது எனக்கே தெரியுமே. கடைக்காரன் ருசியா பாக்கான்? விலையத்தான பாக்கான். போன வெள்ளிக்கிழம கொண்டு போனதுல பாதி திரும்பி வந்துட்டு. நீ பொறந்த ஊரு வாழணும்னா நான் காயணுமா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்று துவையலுக்கு அவள் காயைத்தான் அரைத்தேன். அதே வாரம் வடகரையிலிருந்து வந்த வண்டிக்காரரிடம் மதினி சொல்லியனுப்பியிருந்தாள்: "ஒங்க ஊர்ப் பானை இங்கன மலையாக் குவிஞ்சு கெடக்கு. எங்க ஆளுக சூளையே மூட்டல. நான் அன்னைக்கே சொன்னேன்."

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. வடகரைக் கத்தரிக்காய் திடீரென்று நாலு மடங்காக வர ஆரம்பித்தது. அவ்வளவு கத்தரி விளைய அங்கே இடம் ஏது என்று இவருக்குச் சந்தேகம். "ஏட்டி, நீதான் அந்த ஊர்க்காரி. வாசல்ல உக்காந்து எது வடகரைக் காய், எது இல்லன்னு சொல்லு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் நல்ல சேலை கட்டிக்கொண்டு சந்தை வாசலில் ஒரு மணைப் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வடகரையில் நான் பார்த்து வளர்ந்த கத்தரி வெளிர்பச்சையில் வெள்ளைக் கோடு ஓடியது. ஒரு பெரியவர் கொண்டு வந்த வண்டியிலோ எல்லாம் ஊதா உருண்டை.

"எங்க வெளஞ்சது அண்ணாச்சி?"

"வடகரைதான் தாயி."

"வடகரையில எந்த மடைப் பாசனம்?"

அவர் மாட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "பெரிய மடை."

"அப்படி ஒரு மடையே அங்கன கெடையாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஆலங்குளத்துக்காரன் தாயி. ஆனா காய் நேத்து ராத்திரி வடகரையில எங்க சம்பந்தி வீட்லதான் தங்கிச்சு. ஒரு ராத்திரி தங்குனா பத்தாதா?"

இவர் உட்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வரியை எண்ணிக் கொடுத்துக்கொண்டே அந்தப் பெரியவர் கேட்டார்: "முன்னெல்லாம் ரெண்டு ஊருக்காரனும் ஒண்ணுபோலக் கெட்டினோம், ஒண்ணுபோல வித்தோம். இப்ப ஒங்க மச்சான் ஊருக்கு மட்டும் கதவு தொறந்து கெடக்கு. எங்க ஊருல பொண்ணு எடுக்காதது எங்க குத்தமா?" இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஊதாக் கத்தரிக்கூடை ஒன்று வந்தது. முக்காடு போட்டிருந்த பெண்ணை நிமிர்ந்து பார்க்காமலே "இது வடகரைக் காய் இல்ல, வரி கட்டுங்க" என்றேன்.

"ஏட்டி, என்ன யாருன்னு நெனச்ச?" முக்காட்டை விலக்கியவள் எங்கள் அம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி, சின்ன வயசில் எனக்குத் தலை பின்னிவிட்ட அத்தை. "ஆலங்குளத்துல வெதை வாங்கிப் போட்டேன். எங்க கொல்லையில வெளஞ்சது வடகரைக் காய் இல்லாம வேற எந்த ஊர்க் காய்? நாலு வருஷத்துல பொறந்த ஊர மறந்துட்டியோ?" கூடையை இறக்காமல் பத்து நிமிஷம் திட்டினாள். நான் மணைப் பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி கத்தரிக்காய்க்கு ஊர் கேட்க மாட்டேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

சாரல் முடிகிற சமயத்தில் அண்ணனும் மதினியும் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார்கள். நாங்களும் கட்டுச்சாதத்தோடு போனோம். அருவியில் நின்று நடுநடுங்கக் குளித்துவிட்டு, பாறை ஓரம் புளியோதரையைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினோம். இந்த முறை பாதிப் பேச்சை நானும் மதினியும் பேசினோம்.

"பழையபடி வரி போட்டுருவோம்" என்றார் இவர், வெறுத்துப்போய்.

"ஐயோ, வேண்டாம்" என்றேன். தேங்காய் மலிந்ததால் தினமும் அரைத்துக் குழம்பு வைத்த எத்தனையோ வீடுகளை அதற்குள் பார்த்திருந்தேன். "தோப்புக்கார அக்கா காய் வெட்டுத மாசத்துல மட்டும் வடகரைத் தேங்காய்க்குப் பாதி வரி போடுங்க. மத்த மாசம் சும்மா விடுங்க."

"பானைக்கும் அப்படித்தான்" என்றாள் மதினி. "சூளை மூட்டுத மாசம் ஒங்க பானைக்குப் பாதி."

"ஆலங்குளத்துக்காரர் கேட்டாரே?" என்றேன்.

இவர் இன்னும் கொஞ்சம் புளியோதரை எடுத்து வைத்துக்கொண்டார். "அவருக்கும் கொறைச்சிருவோம். பொய் சொல்லுத அலைச்சலாவது அவருக்கு மிச்சம்" என்றார்.

இப்படி ஒட்டுப் போட்டுத்தான் ஓடியது. தோப்புக்கார அக்கா நாங்கள் செய்ததை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. பருப்புத் தடித்த தன் காய்களைச் செக்கில் ஆட்டி, அடுத்த சாரலில் அருவிக்குப் போகிற பாதையில் எண்ணெய் விற்றாள். தேய்த்துக் குளிக்க வந்தவர்கள் கேட்டு வாங்கினார்கள். கோபம் ஆறியபின் எனக்கும் ஒரு சொம்பு கொண்டு வந்து கொடுத்தாள்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. வடகரைப் பானைக்காரர்களில் ஒரு குடும்பம் அந்த மூன்று மாதத்திலேயே சக்கரத்தைப் போட்டுவிட்டு ஓடு சூளைக் கூலிக்குப் போய்விட்டது. பாதி வரி வந்தபிறகும் அவர்கள் திரும்பவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளே ஒரு முள் குத்துகிறது.

இரண்டு வருஷம் கழித்து இரண்டு சந்தைக் குத்தகையும் கைமாறின. புதுக் குத்தகைக்காரர்கள் ஒருவருக்கொருவர் உறவு இல்லை. ஆனாலும் வரியை முழுசாக ஏற்ற இரண்டு பேருக்கும் துணிச்சல் வரவில்லை. சனங்கள் குறைந்த விலைக்குப் பழகிவிட்டார்கள்.

மதினியும் நானும் இன்றைக்கும் அந்த விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. "நல்லதுதான், ஆனா அவசரப்பட்டுட்டிய" என்பாள் அவள். "அவசரப்படலேன்னா பேசிக்கிட்டே இருந்திருப்பாவ" என்பேன் நான். பேச்சு முற்றினால் அண்ணன் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவான்.