கேட்காமலே சொன்ன பதில்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் செங்கம் ரோட்டில் விமான டிக்கெட் கடை வைத்திருந்தேன். லண்டனில் வேலை செய்யும் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். அவர் முதலில் கிளம்புகிறார். அப்பாவும் அம்மாவும் பின்னால் போய் ஒரு மாதம் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்ததால், படுத்துக்கொண்டு போகிற பிசினஸ் கிளாஸ்தான் சரிப்படும். அடிக்கடி பறந்ததில் மகன் கணக்கில், காசுக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்கக்கூடிய மைல்கள் நிறையச் சேர்ந்திருந்தன.

“மைல்ல எடுக்கலாமா, காசு குடுத்தே எடுக்கலாமா?”

“மைல்ல சீட் கிடைக்காது சார்” என்றேன். விசாரிக்கவே இல்லை. காசு டிக்கெட்டில்தான் எனக்குக் கமிஷன்.

மறுநாள் அம்மாவுடன் வந்தார். இருவருக்கும் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாது, அப்பாவுக்கு மட்டும் பிசினஸ் கிளாஸ் என்றார். அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “நான் பின்னாடி உக்காந்துக்கறேன். ஆனா அவரால தானா திரும்பிப் படுக்க முடியாதுங்க. என்னை நடுநடுவுல முன்னாடி போக விடுவாங்களா?”

நான் மகன் பக்கம் திரும்பினேன்.

“சார், மைல்ல சீட் கிடைக்காதுன்னு நேத்து நான் கம்பெனில கேக்காமலே சொல்லிட்டேன். கமிஷனுக்காகத்தான். தப்புதான்” என்று போனை அவர் பக்கம் நகர்த்தினேன்.

முறைத்தபடியே விமானக் கம்பெனியை அழைத்தார். இப்போது சீட் இல்லையென்றால்? நான் நிமிரவே இல்லை.

“அம்மா, மைல்லயே ரெண்டு சீட் இருக்குதாம். பக்கத்து பக்கத்துல.”

“அப்பாடா” என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

“எங்களவிட உங்களுக்குத்தான் சந்தோஷம் ஜாஸ்தி” என்று அந்த அம்மா சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. அது நியாயம்தான்.

கமிஷன் போனது உறுத்தவில்லை. அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த அம்மா அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பேனா என்பது மட்டும் எனக்கு இன்றும் தெரியவில்லை.