டெய்லர் மாப்பிள்ளையின் மூன்று விரல் அளவு

என் தங்கை வீட்டுக்காரர் டெய்லர். ஆளை ஒரு பார்வை பார்த்தே தோள் அளவு சொல்லிவிடுவார். அளவு விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அப்படிப்பட்டவர் அளவிலேயே கோட்டை விட்டார்.

அவரிடம் இருந்த கோழிகள் முதலில் எங்கள் அப்பாவுடையவை. சாம்பல் இறகு, கறுத்த கால், வேறு ரத்தம் கலக்காத பழைய இனம். அப்பாவுக்கு அவருடைய சின்ன மாமனார் கொடுத்தார், அவருக்கு ஒன்றுவிட்ட அக்காள் கொடுத்தாள். முறைப்படி மூத்த பிள்ளை எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். "நீ அவசரக்காரன்டா. வைக்க வேண்டியதை அடிச்சுத் தின்னுருவ" என்று சொல்லிவிட்டு அப்பா மாப்பிள்ளையிடம் கொடுத்தார். பொய் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை, கோழிகள் நன்றாக முட்டையிடும் நாளில், குஞ்சு எடுக்க எவற்றை வைப்பது, எவற்றைக் கழிப்பது என்று பார்ப்பார். சேவலுக்கு விரல்கள் நேராக இருக்க வேண்டும், ஆளைக் கொத்தக் கூடாது. அழகு கடைசியில்தான். பெட்டை என்றால் வாலுக்கடியில் முட்டை வரும் வழிக்கு இரண்டு பக்கமும் இருக்கும் எலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துப் பார்ப்பார். மூன்று விரல் போனால் வீட்டில், போகாவிட்டால் கடைக்கு. இதில் இரக்கம் கிடையாது.

அந்த வருடம் பார்த்து, கத்தரிக்கோல் பட்டு அவர் வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. கோழிக்கடைக்காரரை அன்று காலை பத்து மணிக்கு வரச் சொல்லியாகிவிட்டது.

"நீ பாரும்மா" என்றார் தங்கையிடம். அவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். இடது கையில் கோழியை இடுக்கிக்கொண்டு அவர் நின்றார், அவள் விரல் வைத்தாள், ஒரு விரலுக்கு ஒரு கோடு என்று நான் நோட்டில் போட்டேன். எழுத்து எனக்குத் தகராறு, கோடு போட வரும்.

"ரெண்டு."

"நல்லா பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். ரெண்டுதான்."

அடுத்தது ரெண்டு. அதற்கடுத்தது ஒன்றரை. டீச்சர் என்று பெயர் வைத்திருந்த கோழி, கூட்டத்தையே மிரட்டி வரிசையில் நிற்க வைக்கும், அதற்கும் ரெண்டுதான். மாப்பிள்ளையின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பதினாறு பெட்டையில் நான்குதான் தேறின.

"நாலை வச்சு வம்சம் ஓட்ட முடியாது மச்சான். ரெண்டு தலைமுறையில எல்லாம் அண்ணன் தங்கச்சி ஆயிடும். மாமா இருந்தா என்னை என்ன கேப்பாரு?"

"அப்ப இன்னும் ரெண்டு மூணை வச்சுக்கங்களேன்" என்றேன்.

"ஒரு தடவை விட்டுக் குடுத்தா அப்புறம் அளவு எதுக்கு?" பிடித்த பிடியை விடவில்லை. பன்னிரண்டும் கூடைக்குப் போயின. டீச்சரைக் கடைசியாக அவரே வைத்தார். மூடியைச் சாத்திவிட்டு ஒரு நிமிடம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கோழிக்கடைக்காரர் வந்தார். கூடையைத் திறந்து எடை பார்க்கிற மாதிரி ஒன்றைத் தூக்கினார், வாலுக்கடியில் தடவினார். இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தார்.

"என்ன டெய்லரே, நட்டு கழண்டுடுச்சா? முட்டை போடற கோழிய எல்லாம் தூக்கிக் குடுக்கறீங்க. மூணு விரல் தாராளமா போகுதே!"

"எனக்கு ரெண்டுதான் போச்சு" என்றாள் தங்கை.

"எங்க, கையைக் காட்டுங்க?"

காட்டினாள். கடைக்காரர் தன் கையைப் பக்கத்தில் வைத்தார். மாப்பிள்ளை கட்டில்லாத கையை வைத்தார். தங்கையுடையது இருபது வருடம் மாவு பிசைந்த கை. அவளுடைய இரண்டு விரலும் அவருடைய மூன்று விரலும் ஒரே அகலம்.

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் சேவல் கூவியது. தங்கைக்குச் சுருக்கென்று கோபம்.

"ஏங்க, ஊரெல்லாம் அளந்தீங்களே! கட்டின பொண்டாட்டி விரலு எவ்வளவு தடின்னு தெரியாதா?"

"ஜாக்கெட்டுக்கு விரல் அளவு எடுக்கறதில்லையேம்மா" என்றார் மாப்பிள்ளை, பரிதாபமாக.

"பொம்பளப் புள்ளைங்களக் கூடையில போட்டு மூடுறதுக்கு முன்னாடி எடுத்திருக்கணும்!"

பன்னிரண்டையும் திரும்ப வெளியே எடுத்தோம். மாப்பிள்ளை தானே இடது கையால் பார்க்கிறேன் என்று முயன்றார். கோழிகள் துள்ளின, பிடி நழுவியது, ஒன்று என் தலையில் ஏறி உட்கார்ந்தது. தங்கை கோழியை வாங்கிக்கொண்டாள். அவள் கைக்கு அதே கோழி தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது. அவள் விரலுக்கு இரண்டு போனால் போதும் என்று வைத்துப் பார்த்ததில், ஒன்பது வீட்டோடு நின்றன. மூன்றுதான் கடைக்காரரோடு போயின.

ஒரு மாதத்தில் அவருடைய கைக்கட்டைப் பிரித்தார்கள். அடுத்த வருடம் கோழி பார்க்கும் நாளன்று கைகழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போனவரைத் தங்கை வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீங்க கோழியப் பிடிங்க. விரல் என்னுது."

பிடித்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு கோடு போட்டேன்.