பத்து நிமிஷப் பட்டதாரி

1. மொத நாளே ப்ரொமோஷன்

வேலைக்குச் சேர்ந்த மொத நாளே எனக்கு ப்ரொமோஷன் கிடைச்சது. பத்து நிமிஷங்கூட நிலைக்கல. இத்தன வருஷமா ஹோட்டல் ரிசப்ஷன்ல நின்னு எவ்வளவோ பார்த்துட்டேன். ஆனா அந்தப் பத்து நிமிஷத்த நெனச்சா இன்னைக்கும் சிரிப்பு வந்துரும்.

அதுக்கு முன்னால தலவாக்கலை பக்கத்துல எங்க தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல இருந்தேன். அம்மாமாரு கொழுந்து எடுக்கப் போயிட்டா அவங்க பிள்ளைகளப் பார்த்துக்கிற வேலை. எங்கம்மாவும் கொழுந்துதான் எடுத்தாங்க. முழங்கால் வலிய வச்சுக்கிட்டு தெனம் மலை ஏறுவாங்க. அவங்கள வீட்ல உக்கார வைக்கணும், அதுக்கு நல்ல சம்பளத்துல ஒரு வேலை வேணும். என் ஆசை அவ்வளவுதான். ஹட்டன்ல மூணு மாசம் ஸ்போக்கன் இங்கிலிஷ் படிச்சேன். நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷனுக்கு ட்ரெய்னி கேட்டாங்கன்னு போனேன். இன்டர்வியூவுல உதவி மனேஜர் மேடம் படிப்பக் கேட்டாங்க. "ஓ.எல். பாஸ் மேடம். ஏ.எல். பெயில். மூணு மாசம் இங்கிலிஷ் கோர்ஸ்"னு உள்ளத உள்ளபடி சொன்னேன். ஏ.எல். தாண்டாம யூனிவர்சிட்டியும் இல்ல, டிகிரியும் இல்ல. எடுத்துக்கிட்டாங்க.

மொத நாள் இருட்டோட இருட்டா மொத பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டேன். காலையில ஸ்டாஃப் எல்லாரும் லொபியில வரிசையா நிக்கணும். நம்ம தோட்டத்துல வேலைக்கு முன்னால நிக்க வச்சுப் பேர் கூப்பிடுற பெரட்டேதான், என்ன, மேல மழை விழாது. பெரிய மனேஜர் சிவநேசன் சேர் அப்பத்தான் ஹட்டன்ல இருந்து ஜீப்புல வந்து இறங்குறார். யாழ்ப்பாணத்துக்காரர். இன்டர்வியூ அன்னைக்கு அவர் இல்ல, என் பேரும் போட்டோவும் மட்டும் மேடம் அவருக்கு அனுப்பியிருந்தாங்க. வந்தவரு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இவா இந்த ஏரியாப் பிள்ளை, டிகிரி முடிச்சவா! கெஸ்ட் ரிலேஷன்ஸுக்கு ஒரு டிகிரி ஆள் தேடித் திரிஞ்சனாங்கள் எல்லே? இண்டையில இருந்து அது இவாதான். ட்ரெய்னி சம்பளத்தைவிட ரெண்டு மடங்கு!"

எல்லாரும் கை தட்டுனாங்க. யாரையோ சொல்றாருன்னு நானும் சேர்ந்து தட்டிட்டேன். பெறகுதான் எல்லார் கண்ணும் எம்மேல இருக்கிறது தெரிஞ்சது.

சேர் வர்ற வழியில போன்ல எடுத்த படத்த நீட்டிக் காட்டுனார். எங்க தோட்டத்துச் சந்தி. ரெண்டு மரத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டுன ஒரு பெனர். அதுல ஆளுயரத்துக்கு நான், கறுப்பு கவுன், தலையில சதுரத் தொப்பி. கீழ, "எமது தோட்டத்தின் முதல் பட்டதாரி மகேஸ்வரியை வாழ்த்துகிறோம்!"



2. கவுனோட கதை

வேற யாரு வேலை, எங்க மாமா மகன் ஆனந்தன் வேலைதான். ஆட்டோ ஓட்டுறவரு. பாசக்காரர், ஆனா எதையும் கேட்டுச் செய்ற பழக்கம் கெடயாது. இங்கிலிஷ் கிளாஸ் முடிஞ்சப்ப எங்களுக்கு கவுன் மாட்டி போட்டோ எடுத்தாங்க. அந்தப் படத்தப் பார்த்த மனுஷன், டிகிரியேதான்னு முடிவு பண்ணி, நான் பஸ் ஏறுன பெறகு பயலுகளக் கூட்டிட்டுப் போய் பெனரக் கட்டிட்டாரு.

லொபியில நிக்கிறேன். வாயத் தொறக்காம இருந்தா அம்மா அடுத்த மாசமே மலை ஏற வேண்டாம். தொறந்தா ட்ரெய்னி வேலையும் போயிரலாம். இவளே பெனர் கட்டிக்கிட்டு வந்திருக்கான்னு தானே நெனப்பாங்க? ஆனா அந்தக் கைதட்டலக் கேக்கக் கேக்க எனக்கு ஒரே கூச்சமா இருந்துச்சு.

"சேர், எனக்கு டிகிரி இல்ல. நான் ஏ.எல். பெயில்."

கைதட்டல் பட்டுனு நின்னுருச்சு.

"என்ன பிள்ளை சொல்லுறீர்? அப்ப இந்தக் கவுன்?"

"இங்கிலிஷ் கிளாஸ்ல குடுத்தாங்க சேர். போட்டோ எடுத்ததும் கழட்டி வாங்கிக்கிட்டாங்க."

செஃப் சுனிலுக்கு தமிழ் நல்லா வெளங்கும். மொதல்ல அவர்தான் சிரிச்சார். பெறகு லொபி முழுக்கச் சிரிப்பு. சேர் மட்டும் சிரிக்கல. "உள்ள வாரும்"னு ரூமுக்குப் போனார்.

உதவி மனேஜர் மேடத்தையும் கூப்பிட்டுக் கேட்டார். "இன்டர்வியூவுலயும் இதையேதான் சேர் சொன்னா"ன்னாங்க மேடம். அந்தப் புண்ணியவதி நல்லா இருக்கணும்.

சேர் தலையில கைய வச்சுக்கிட்டார். "வாற வழியிலேயே முதலாளிக்குப் போன் பண்ணி, டிகிரி ஆள் கிடைச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டன்!"

என்னை வெளிய நிக்கச் சொல்லிட்டு முதலாளிக்குத் திரும்பப் போன் எடுத்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் கும்பிடாத சாமி இல்ல. கொஞ்ச நேரத்துல சேரே கதவத் தொறந்தார்.

"முதலாளி என்ன சொன்னாரு சேர்?"

"ஏச்சு எனக்குத்தான், உமக்கில்லை." சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு பிச்சுக்கிட்டு வந்துருச்சு. "என்ர மகளும் நேர்சரியில உந்தக் கவுன் போட்டவள். நல்லகாலம், அவளைக் கூட்டியந்து வேலைக்கு வைக்கேல்லை! போம், போய் கவுன்டரில நில்லும்."

ஓடுனேன் பாருங்க!

3. இப்ப இன்டர்வியூ எடுக்கிறது நான்

இன்னைக்கும் எனக்கு டிகிரி இல்ல. ஆனா அதே ரிசப்ஷனுக்கு இப்ப நான்தான் ஹெட். வேலை மாற வர்ற பிள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான். நீங்க பொய் சொல்லாட்டியும், உங்க மேல பாசம் உள்ளவங்க உங்க படிப்பக் கூட்டிச் சொல்லிருவாங்க. அதைத் திருத்த வேண்டியது நீங்கதான். அன்னைக்கே திருத்துங்க. அன்னைக்குச் சொன்னா சிரிச்சுட்டு விட்ருவாங்க. ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சா, நீங்க செஞ்ச நல்ல வேலையையும் சேர்த்துல்ல சந்தேகப்படுவாங்க.

அன்னைக்கு சாயங்காலம் சந்தியில பஸ்ஸ விட்டு இறங்குறேன், எங்க லயத்து வரிசை வீட்டுச் சனம் பாதி அங்கதான் நிக்குது. ஆனந்தன் கையில வெடிச் சரம், பக்கத்துல எங்கம்மா. நடந்தத ஒண்ணுவிடாமச் சொன்னேன். ஆனந்தன் முகம் செத்துப்போச்சு. "என்னால உன் பெரிய வேலை போயிருச்சே மகேசு"ன்னு வெடியப் பின்னால மறைக்கிறாரு. எனக்கு அம்மா முகத்தப் பார்க்கவே பயம். அவங்க முழங்காலுக்குன்னு நான் போட்ட கணக்கெல்லாம் அந்தப் பெரிய சம்பளத்துலதானே இருந்துச்சு.

அம்மா என் கையப் புடிச்சாங்க.

"பெரிய வேலைய விடு. நீ சேர்ந்த வேலை இருக்கா?"

"இருக்கும்மா. நாளைக்கும் வரச் சொன்னாங்க."

அம்மா பயலுக பக்கம் திரும்புனாங்க.

"அப்பறம் என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? கொளுத்துங்கடா வெடிய!"