சர்நேம் கட்டத்தில் இருந்த பெயர்

கொரோனாவுக்காக மூடிய எல்லைகளை ஒவ்வொரு நாடாகத் திறந்துவிட்ட முதல் கோடை அது. திருச்சி விமான நிலையத்தில், காலை ஏழரை மணிக்கு மேல் எட்டரைக்குள் நடந்தது. ஒரு மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை. ஆனால் இன்று நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. என் தங்கை கல்யாணமாகி மலேசியாவில் இருக்கிறாள். ஊரடங்கு நேரத்தில் எங்கள் அப்பா தவறிப்போனபோது அவளால் வர முடியவில்லை. கடைசிக் காரியம் வரை எல்லாவற்றையும் என் போன் வழியாகத்தான் பார்த்தாள். அதன்பிறகு பேசும்போதெல்லாம், "அம்மா மடியில ஒரு தடவ படுத்து அழுதாத்தான்க்கா எனக்கு ஆறும்" என்பாள். அம்மாவுக்கும் அதே ஏக்கம்தான், வாய்விட்டுச் சொல்லமாட்டார். எல்லை திறந்தார்கள் என்று கேள்விப்பட்டதும் பத்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் போட்டேன். அந்தப் பத்து நாளை விட்டால் பள்ளியில் எனக்கு வேறு நாள் கிடையாது.

டிக்கெட் எடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. தடுப்பூசிச் சான்றிதழில் பாஸ்போர்ட் எண் இருக்க வேண்டும் என்றார்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்ற வேண்டும் என்றார்கள், ஆனால் ஒரே ஒரு முறைதான் திருத்தலாமாம். பரிசோதனை இரண்டு நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டு நாள் என்றால் எதிலிருந்து எதுவரை? விமான நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு கணக்கு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிராவல்ஸ்காரர் சொன்னது ஒரு கணக்கு, தங்கை விசாரித்துச் சொன்னது இன்னொன்று. டிராவல்ஸ்காரரிடம் மறுபடி கேட்டால், "நேத்து சொன்னது நேத்து ரூல்ங்க மேடம்" என்கிறார். என்னிடம் ஒரு மாணவன் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார். அந்தக் காலத்துப் பெண்கள் பலரும் சொல்லமாட்டார்கள்தான், ஆனால் அம்மாவின் சிக்கல் கொஞ்சம் பெரியது. அப்பாவின் பெயர் ஸ்ரீரங்கம் என்ற எங்கள் ஊர்ப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அம்மா ஊர்ப் பெயரையும் சொல்லமாட்டார். டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் எங்கள் ஊர்க் காவிரிப் படித்துறை ஸ்டாப்பின் பெயரைச் சொல்லி, "அம்மா மண்டபம் ஒண்ணு" என்பார். வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், "கோயில் பக்கம்" என்பார். அப்பாவே கிண்டல் செய்வார். "ஒரு தடவ சொல்லித்தான் பாரேன், நான் என்ன உருகியா போயிடுவேன்" என்பார். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று அம்மாவுக்கு யாரோ சின்ன வயதில் சொல்லிவைத்திருந்தார்கள்.

நான் இதற்காக அம்மாவிடம் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன். இது என்ன அடிமைத்தனம் என்று பெரிதாகப் பேசியிருக்கிறேன். அப்பா போன பிறகு ஒருநாள், "இனிமே சொன்னா என்னம்மா ஆயிடப்போவுது?" என்று கேட்டே விட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "இப்ப மட்டும் அவரு எங்க போயிட்டாரு" என்றார்.

பயணத்துக்கு முதல் நாள் காலையில் பரிசோதனைக்குப் போனோம். லேபில் ஒரே கும்பல். எனக்கு ஒரு மேஜையில் மூக்கில் குச்சியை விட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்த மேஜையில் அம்மாவிடம் ஒரு பெண் விவரம் கேட்டு டைப் செய்துகொண்டிருந்தாள். பெயர் கேட்டிருக்கிறாள், அம்மா சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் பெயர் கேட்டிருக்கிறாள். "பொண்ணு வருவாம்மா, அவகிட்ட கேட்டுக்க" என்றிருக்கிறார் அம்மா. அந்தப் பெண்ணுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் போட்டு அனுப்பிவிட்டாள். இரண்டு பாஸ்போர்ட்டும் என் கைப்பையில் இருந்தன. அன்று மாலை ரிசல்ட் போனில் வந்தது. 'நெகட்டிவ்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்தேன், பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். ஒற்றுப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைக்கிறவள் நான், அந்தத் தாளை முழுதாகப் படிக்கவில்லை.

மறுநாள் காலை விமான நிலையத்தில் எங்கள் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்த இளைஞர் என் தாள்களைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மாவுடையதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"மேடம், பாஸ்போர்ட்ல சர்நேம் இருக்கு. டெஸ்ட் ரிப்போர்ட்ல இல்ல. பாஸ்போர்ட் நம்பரும் இல்ல. இவங்களுக்கு போர்டிங் தர முடியாது."

"அது சர்நேம் இல்லைங்க, எங்க அப்பா பேரு" என்றேன்.

"எங்களுக்கு அது சர்நேம்தான் மேடம்."

எங்கள் குடும்பத்தில் யாருக்குங்க சர்நேம் இருக்கிறது? பெயர் இருக்கிறது, முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது. எவனோ எந்த நாட்டிலோ போட்ட கட்டத்துக்காக அந்த எழுத்தை இழுத்து நீட்டி முழுப்பெயராக்கி எழுத வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பிறந்த தேதி அதேதான், பாஸ்போர்ட் படத்தில் இருக்கிற ஆள் எதிரிலேயே நிற்கிறார், இவருக்கு நோய் இல்லை என்று அந்தத் தாள் சொல்கிறது, பிறகு என்ன என்று கேட்டேன். அவர் எதற்கும் கோபப்படவில்லை. அதுவே என் கோபத்தை இன்னும் ஏற்றியது. "லேப்ல கரெக்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க மேடம். எட்டரைக்கு கவுன்ட்டர் க்ளோஸ்" என்று மட்டும் சொன்னார்.

எங்களுக்குப் பின்னால் துறையூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிற ஒருவர் நின்றிருந்தார். "நீங்க ஓரமா போயி பேசுங்கம்மா, பெட்டிய நான் பாத்துக்கறேன். வந்து எனக்கு முன்னாடியே நில்லுங்க" என்றார். அவருக்கு அன்று நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

லேபுக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தார்கள். ஒரு பெண் பேசினாள். பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். எல்லாம் சரி, இரண்டு நிமிஷத்தில் மாற்றித் தருகிறேன் என்றாள். பிறகு, "பேஷன்ட்கிட்ட குடுங்க மேடம். முழுப் பேரும் பிறந்த தேதியும் அவங்க வாயால சொல்லணும். கால் ரெக்கார்ட் ஆவுது" என்றாள்.

"நான் அவங்க பொண்ணு. நான் சொல்றேன்."

"இல்ல மேடம். ஒருத்தர் ரிப்போர்ட்ட இன்னொருத்தர் பேர்ல மாத்தி வாங்கிட்டுப் போறாங்கன்னு பிரச்சனை ஆயிடுச்சு. பேஷன்ட்தான் சொல்லணும்."

ஊரில் எவனோ செய்த தில்லுமுல்லுக்கு என் அம்மா சாட்சி சொல்ல வேண்டும். மணி எட்டு ஐந்து. போனை அம்மாவிடம் கொடுத்து, ஸ்பீக்கரைப் போட்டேன்.

அம்மா தன் பெயரைச் சொன்னார். பிறந்த தேதியைச் சொன்னார்.

"சர்நேம் சொல்லுங்கம்மா."

"பெருமாள் பேரும்மா அவரு பேரு."

"எந்தப் பெருமாள்மா? பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி சொல்லுங்க."

"கோயில்ல இருக்காரே."

"அம்மா, பேரச் சொன்னாத்தான் நான் மாத்த முடியும்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? ஆயிரம் முறை நான் சொல்லச் சொல்லிக் கேட்ட பெயர். அன்று ஒருநாள் மட்டும், வேண்டாம்மா, வீட்டுக்குப் போயிடலாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அந்தப் பக்கம் என் தங்கை விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பாள். வாய் வரவில்லை.

அம்மா திரும்பிக் கண்ணாடிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். முந்தானையால் வாயை மூடுவது அவர் பழக்கம், முகக்கவசத்தின் மேல் முந்தானையையும் வைத்துக்கொண்டார். அப்பாவின் பெயரைச் சொன்னார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்கலைம்மா. மாஸ்க்க எடுத்துட்டு கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷன் காதில் ஒருநாளும் விழாத பெயர், யார் என்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக, ஒரு ரெக்கார்டுக்காக, எங்கள் அம்மா வாயிலிருந்து வந்தது. போனை என்னிடம் நீட்டிவிட்டு முகக்கவசத்தை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார். எனக்கு அந்தக் கவுன்ட்டரைப் பெயர்த்துப் போட வேண்டும் போல இருந்தது.

எட்டு இருபதுக்குத் திருத்திய தாள் வந்தது. துறையூர்க்காரர் இடம் விட்டார். அந்த இளைஞர் தாளைப் பார்த்துவிட்டு, "தேங்க்யூ மேடம்" என்று போர்டிங் பாஸைக் கொடுத்தார்.

விமானத்தில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கீழே கடல் தெரிந்தபோது, "இத அவருகிட்ட சொல்லிச் சிரிக்கக்கூட முடியாது பாரு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா செத்தபோது அழாத நான் அப்போது அழுதேன்.

அங்கே போய் இறங்கினோம். அந்தத் தாளை எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரி பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தி, போங்கள் என்று கை காட்டினார். வெளியே தங்கை ஓடிவந்து அம்மாவின் மேல் விழுந்தாள். இரண்டு வருஷத்து அழுகையை அங்கேயே அழுது தீர்த்தாள். பத்து நாள் கழித்து நாங்கள் ஊர் திரும்புவதற்குள், ஊசி போட்டவர்களுக்குப் பரிசோதனையே தேவையில்லை என்று அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள்.

கோபத்தையெல்லாம் பிறர் மேல் கொட்டிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமாகாது. அம்மாவின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியவள் நான்தான். சர்நேம் என்ற கட்டம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று, யாரையும் கேட்காமல் அப்பா பெயரை அதில் எழுதியவள் நான்தான். லேபில் அம்மா அருகில் இரண்டு நிமிஷம் நிற்காதவளும் நான்தான்.

அம்மா இன்றும் பஸ்ஸில், "அம்மா மண்டபம் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறார், நானும் இப்போது அவரோடு போகும்போது அப்படியே கேட்கிறேன். ஒரு விதியைப் போட்டவர்கள் பத்து நாளில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், என் அம்மா அன்று சொன்னதை மட்டும் யாராலும் திரும்ப எடுத்துக்கொடுக்க முடியவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.