கண்மாய்க்கரை ஹாட்ஸ்பாட்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூர், எர்ணாகுளம், மஸ்கட் என்று சுற்றிவிட்டு இப்போது வில்லாபுரத்தில் வாடகை ஆட்டோ ஓட்டுகிறேன். போன வருடம் சில மாதம் எனக்கு ஒரே சவாரி, வவுனியாவிலிருந்து வந்த ஒரு மாணவி. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்தவள்.

அவளுக்கு இங்கே நெட் கிடையாது. அவள் ஊர் சிம்மில் டேட்டாவைத் திறந்தால் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு ஒரே நாளில் போய்விடும். இங்கே சிம் வாங்க மூன்று கடை ஏறினோம். இரண்டு கடையில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"பேச்சு தமிழு, புக்கு சிலோனு. நமக்கு எதுக்குண்ணே வம்பு? ஒம்பேர்ல ஒண்ணு வாங்கிக் குடுத்துரு."

"களவாண்டுட்டா வந்திருக்காக? விசா இருக்கு. அவுக பேருலயே குடு" என்றேன்.

நகல்களை வாங்கி வைத்துக்கொண்டார். பத்து நாளாகியும் சிம் வரவில்லை.

அதுவரை என் போன்தான் அவளுக்கு ஹாட்ஸ்பாட். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து விடுகிற பிளான். நான் டீ குடிக்கப் போனால் அவள் நெட்டும் என்னோடு போய்விடும். "அண்ணா, தூரப் போகாதேங்கோ" என்று பின்னாலிருந்து கத்துவாள். மஸ்கட்டில் போன் பேசக் காசில்லாமல் மாதக்கணக்கில் வீட்டோடு பேச்சில்லாமல் கிடந்தவன் நான். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் படிக்க வந்த பிள்ளையும் அப்படிக் கிடக்க வேண்டும் என்று எவன் எழுதிவைத்தான்?

அன்றைக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் இருந்தோம். பதினொரு மணிக்கு அவளுடைய பல்கலைக்கழகக் குழுவோடு வீடியோவில் பேச வேண்டும். உதவித்தொகையை இன்னும் மூன்று மாதம் நீட்டுவதா, திரும்பி வரச் சொல்வதா என்று அதில்தான் முடிவு. பத்தரைக்கு என் போனில் செய்தி வந்தது: இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது.

"ஐயோ அண்ணா, என்ர போன் உங்கட ஹாட்ஸ்பாட்டை வீட்டு வைஃபை எண்டு நினைச்சு, நேற்று எடுத்த வீடியோ எல்லாத்தையும் தானா ஏத்திப்போட்டுது."

கூடுதல் டேட்டா போடலாம் என்றால், பணம் கட்டவும் நெட் வேண்டும். பணம் கட்டும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. கண்மாய்க்குள் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக அவள் அவர்களோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்று கத்தினேன்.

"யக்கா, யாரு போன்ல நெட்டு இருக்கு?"

"எதுக்குய்யா, படம் பாக்கவா?"

காரணத்தைச் சொன்னேன்.

"அடப்பாவி, இம்புட்டு நேரம் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? இந்தா, காலைலேருந்து தொடவே இல்ல."

ஏழு போன் வந்தது. வேப்பமரத்தடியில் வரிசையாக வைத்தோம். ஒன்றில் நெட் அறுந்தால் அடுத்ததில் நான் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொடுத்தேன். மூன்றாவது போனுக்கு மாறும்போது குழுவில் ஒருவர் சலித்துக்கொண்டார். நல்ல இணைப்பு உள்ள இடத்திலிருந்து இன்னொரு நாள் பேசலாமே என்றார்.

"இல்லை சேர். நான் எழுதுற ஆக்கள் இஞ்சதான் இருக்கினம். இஞ்ச இருந்துதான் கதைப்பன்."

போனைக் கண்மாய்ப் பக்கம் திருப்பினாள். மண்கூடையை இறக்கிய ஒருத்தி திரைக்குள் முகத்தை நீட்டினாள். "சார், இந்தப் பிள்ள மூணு நாளா எங்க கூடச் சேத்துல நின்னு கேட்டுச்சு. நீங்க ஒரு நாள் வந்து நின்னு பாருங்க, தெரியும்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மூன்று மாதமும் இப்படித்தான் தொடர்பில் இருப்பீர்களா என்று சலித்துக்கொண்டவரே கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சொன்னேன்: "சிம்மு வந்தா அதுல பேசுவாக சார். வரலைன்னா எங்க போன்ல பேசுவாக. நாங்க எம்புட்டுப் பேரு இருக்கோம்னு எண்ணிக்கிட்டே இருங்க."

ஆறாவது போனில் பேசிக்கொண்டிருந்தபோது மூன்று மாதம் நீட்டித்தார்கள். ஏழாவது போனுக்குச் சொந்தக்காரி முறைத்தாள்.

"எம் போனு என்ன பாவம் பண்ணுச்சு? அதுல யாரும் பேசல."

அந்த ஏழாவது போனின் நெட்டிலேயே மாணவி வவுனியாவுக்குக் கால் போட்டு, அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.