பாண்டிச்செல்வியின் புறங்கை

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்ணான பாண்டிச்செல்விக்கு பிளஸ் டூ இயற்பியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு மார்க். மார்க் இருந்து என்ன, கல்லூரிக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை. 2011-இல் ஒரகடத்தில் கார்களுக்குப் பெட்ரோல் டேங்க் செய்யும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தாள். இரண்டு வருடம் லீவு போடாமல் ஓட்டினால் பெர்மனன்ட் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காக இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் ஐந்து பேரோடு கிடந்தாள்.

டேங்குக்குள் காற்றடைத்து, அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. குறைந்தால் ஓட்டை; குறையாவிட்டால் அவள் நம்பர் போட்ட முத்திரை. ஆனால் டேங்க் வெந்நீரில் கழுவப்பட்டுச் சூடாக வரும். அந்தச் சூட்டில் உள்ளே அடைத்த காற்றின் மூலக்கூறுகள் வேகமெடுத்துச் சுவரை ஓங்கி ஓங்கி முட்டும். அழுத்தம் ஏறும். கசிந்தது அந்த ஏற்றத்தில் மறைந்துபோக, மீட்டர் ஒன்றும் அறியாததுபோல் நிற்கும்.

“சார், சூடு பாக்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தாங்க,” என்று சூப்பர்வைசர் ஸ்ரீதரிடம் கேட்டாள்.

“இன்னாம்மா, பாடம் எடுத்துகினு கீற? லைன் நிக்குது பாரு.”

அதன்பின் அவள் புறங்கையே தெர்மாமீட்டர். பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் ஒவ்வொரு டேங்கையும் தொடுவாள். சுட்டால் ஒதுக்கிவைத்து, ஆறிய பிறகே காற்றடைப்பாள். ஸ்ரீதர் முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும். அவள் முத்திரை போட்ட டேங்க் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பெர்மனன்ட் ஆகப் பதினோரு நாள் இருக்கையில் உடம்பு முறிய வலித்தது. லீவு போட்டால் எல்லாம் போச்சு. மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாள். அன்றைக்கு எந்த டேங்கும் சுடவில்லை. வேலை மளமளவென்று ஓடியது. ஸ்ரீதர்கூடச் சிரித்தார்.

மாலையில் அறைக்கு வந்ததும், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் உலகம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “ஏட்டி, கை இப்படிக் கொதிக்கு! இந்தக் காய்ச்சலோடயா வேல பாத்த?”

பாண்டிச்செல்வி தன் கையையே பார்த்தாள். டேங்க் ஆறியிருக்கவில்லை. கை சூடாக இருந்ததால் டேங்கின் சூடு தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரோ பிள்ளைகுட்டியோடு ஏறப்போகும் கார் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை. காலையில் ஸ்ரீதரிடம் சொன்னாள். லாரியில் ஏற்றிய டேங்குகளை இறக்கிச் சோதித்தார்கள். மூன்றில் ஓட்டை. கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். என்ன அநியாயக் கேள்வி! மத்தியானமே ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்போது அவள் அழவில்லை. ஊருக்கு வந்த நாலாம் நாள் உலகம்மாள் போன் செய்தாள்.

“ஏட்டி, நீ நின்ன இடத்துல தெர்மாமீட்டர் மாட்டியிருக்காவ.”

போனைக் காதில் வைத்தபடியே பாண்டிச்செல்வி வாய்விட்டு அழுதாள்.